கறுப்பு டையை வீட்டில் இறக்கிய அனுபவம்: மருந்து கால் பங்கு, அலசல் முக்கால் பங்கு

முடியில் ஏறிய டையை இறக்கும் கலர் ரிமூவர் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம், உங்கள் வீட்டில் தண்ணீர் எப்படி என்றுதான் முதலில் கேட்கிறேன். முடி எவ்வளவு நீளம், எத்தனை வருஷமாக டை போடுகிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம்.

நான் பல வருஷமாகப் போட்டது கடையில் கிடைக்கும் பெட்டி டை, நேச்சுரல் பிளாக். இனி நரையை அப்படியே விட்டுவிடலாம் என்று தீர்மானித்தபோது வகிட்டில் வெள்ளை, அதற்குக் கீழே முதுகு வரை கன்னங்கரேலென்ற கறுப்பு. பார்லரில் ப்ளீச்தான் வழி என்றார்கள். டை மேல் டை ஏறிய முடியில் ப்ளீச் வைத்தால் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுத்துவிடும், நுனி செங்கல் நிறத்தில் நின்றுவிடும். முடியும் நார் நாராகும். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. லண்டனில் இருக்கும் நாத்தனார் ஊருக்கு வந்தபோது கலர் ரிமூவர் பெட்டிகள் வாங்கி வந்தார். நம் ஊர்க் கடைகளில் இது லேசில் கிடைப்பதில்லை.

இது ப்ளீச் இல்லை என்பதைப் பலர் நம்புவதே இல்லை. டையில் இருக்கும் பிபிடி போன்ற சாய ரசாயனங்கள் பூசும்போது மிகச் சிறிய மூலக்கூறுகள். அம்மோனியா முடியின் செதில்களைத் திறந்துவிட, அவை உள்ளே போகின்றன. உள்ளே போனதும் டையோடு கலக்கும் டெவலப்பர் திரவத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றைப் பிணைத்துப் பெரிதாக்கி நிறம் ஏற்றிவிடுகிறது. பெரிதானது வெளியே வராது. ஷாம்புவும் சமையல் சோடாவும் எலுமிச்சையும் தோற்பது இதனால்தான். ரிமூவர் அந்தப் பிணைப்பைக் குலைத்து நிறமற்றதாக்குகிறது. நம் முடியின் சொந்த நிறத்தை அது தொடுவதில்லை.

நாற்றத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கந்தகம் கலந்த மருந்து, அழுகிய முட்டை வாடை. குளியலறை ஜன்னலைத் திறந்து வைத்தும் கூடம் வரை வந்தது. பிறகும் சில வாரங்களுக்குத் தலை நனையும் போதெல்லாம் லேசாக எழும்.

ஆனால் பலன் அருமை. பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றியபோது நெற்றி ஓரத்து நரை வெளிர் வைக்கோல் நிறத்தில் தெரிந்தது. மற்ற முடி செம்பட்டை. அந்தச் செம்பட்டையைப் பார்த்து டை மிச்சம் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். இத்தனை வருஷம் டெவலப்பர் பட்டுப் பட்டு நம் சொந்தக் கறுப்பு வெளுத்துப்போயிருக்கிறது, மேலே இருந்த டை அதை மூடியிருந்தது, அவ்வளவுதான். முடி உடையவில்லை, சொரசொரப்பு இல்லை. தேங்காய் எண்ணெய் வைத்து வாரினால் சீப்பு வழுக்கிக்கொண்டு போனது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். அடுத்த தலைக்குளியலுக்குள் நிறம் திரும்ப இருண்டுவிட்டது. குலைந்த மூலக்கூறுகள் முடிக்குள்ளேயே கிடந்தால், காற்றில் இருக்கும் ஆக்சிஜனே அவற்றை மறுபடி பிணைத்துவிடும். அவற்றை வெளியேற்றுவது அலசல் மட்டும்தான். இந்த மருந்தின் உயிர்நாடியே அதுதான். பெட்டிக்குள் இருந்த தாளில் அதைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரே வரி! எவ்வளவு நேரம் மருந்தை வைக்க வேண்டும், கையுறையை எப்படிப் போட வேண்டும் என்பதற்கெல்லாம் படம் போட்டிருந்தார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், அலசும் தண்ணீர் கறுப்பாக ஓடாது. மூலக்கூறுகள் நிறம் இழந்துவிட்டதால் வெள்ளை மக்கில் பிடித்துப் பார்த்தாலும் தெளிவாகவே இருக்கும். தெளிந்துவிட்டது என்று யாரும் குழாயை மூடத்தான் செய்வார்கள். எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் போர் தண்ணீர். ஷாம்பு நுரைப்பதே பெரும்பாடு. அதில் நீண்ட முடியை அரை மணி நேரம் அலசுவது என்றால் மேல்தொட்டி பாதி காலி.

அடுத்த பெட்டியை லாரித் தண்ணீர் வந்த நாளில் பிரித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், நடுநடுவே ஷாம்பு, கை வலிக்கும் வரை அலசல், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் அலசல். பிறகு காதோரத்தில் ஒரு சிறு கற்றையில் 6 சதவீத டெவலப்பரைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். இருண்டால் உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இருளவில்லை. அன்றைக்கு வந்த நிறம் இன்றும் அப்படியே இருக்கிறது. நுனிப்பக்கம் மட்டும், டை பல அடுக்கு ஏறிய இடம், அடர்ந்த பழுப்புக்கு மேல் இறங்கவில்லை. அதை வெட்டிவிட்டேன்.

வைட்டமின் சி மாத்திரையை ஷாம்புவில் பொடித்துப் போடும் வைத்தியம் பற்றியும் கேட்கிறார்கள். போன வாரம் போட்ட டையைக் கொஞ்சம் மங்க வைக்கும். வருஷக்கணக்கில் ஏறியதை அசைக்காது. மருதாணியும் நீலச் சாயம் தரும் அவுரியும் வைத்தவர்களுக்கு ரிமூவரே வேலை செய்யாது. அதற்காக ப்ளீச்சுக்குப் போனால் அவுரி பச்சையாக மாறக்கூடும். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பாக்கெட்டுகளில் பலவற்றில் இருப்பதும் பிபிடிதான், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, போன வாரம் என் சித்தி மகள் கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். "அக்கா, உங்களுக்கு நல்லா வந்துச்சே?" என்று விடவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவளுக்குத்தான் இது கச்சிதம். தோள் வரைதான் முடி, டை போட ஆரம்பித்தும் அதிக நாள் ஆகவில்லை. ஆனால் அவள் இருப்பது மூன்றாவது மாடியில், தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். பாதி அலசிவிட்டு நின்றால் பணமும் போய், நாற்றமும் மிஞ்சி, கறுப்பும் திரும்பும். மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக முடி வளரும். குட்டையாக வெட்டிக்கொண்டால் ஒரு வருஷத்தில் முக்கால்வாசி டை போய்விடும் என்றேன்.

அவள் கேட்கிற மாதிரி இல்லை. ரிமூவர் போட்ட மறுநாளே பூசிக்கொள்ள டார்க் பிரவுன் டை கூட வாங்கி வைத்துவிட்டாளாம். அதைத்தான் கண்டிப்பாகத் தடுத்தேன். டெவலப்பர் பட்டால் மிச்சம் இருக்கும் மூலக்கூறெல்லாம் பிணைந்து மறுபடி கறுத்துவிடும். ஒரு வாரமாவது ஆறப்போட்டு, டெவலப்பர் இல்லாத கலராகப் பார்த்து, நினைத்ததைவிட இரண்டு படி வெளிறியதாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.