ஹேண்ட்ஃபாஸ்டிங் நாடா: படத்தைப் பார்த்து ஓகே சொல்லி ஏமாந்தோம்

கிளாஸ்கோவில் என் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்காட்லாந்தின் லூயிஸ் என்ற தீவைச் சேர்ந்தவர். ஹியூமனிஸ்ட் முறைத் திருமணம், அதாவது மதம் சாராதது. ஸ்காட்லாந்தில் 2005-லிருந்து அது சட்டப்படி செல்லும். அதில் ஹேண்ட்ஃபாஸ்டிங் என்று ஒரு சடங்கு. இருவரும் கை கோத்து நிற்க, நடத்திவைப்பவர் மேலே நாடாவைச் சுற்றிப் போடுவார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு விழும். "மூணு முடிச்சு இல்லையா, ஒண்ணுதானா?" என்று அம்மா கேட்டார்.

நாடாவின் ஒரு முனையில் 'என்றென்றும்', மறுமுனையில் அதே பொருள் தரும் கேலிக் (ஸ்காட்லாந்தின் பழைய மொழி) சொல். எம்பிராய்டரி செய்து தர ஆன்லைனில் ஒரு கடைக்கு 68 பவுண்ட் கட்டினோம். மாதிரிப் படம் வந்தது, எழுத்தெல்லாம் சரியாக இருந்தது, ஓகே சொல்லிவிட்டோம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. 'றெ'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் நின்றது. புள்ளிகள் எழுத்தின் தலையில் இல்லை, பக்கத்தில் தனித்தனியாகக் கிடந்தன. படம் சாதாரணமாக கம்ப்யூட்டரில் டைப் செய்தது; தையல் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. வந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தைத்துவிட்டது. எங்களுக்கு இது அப்புறம்தான் தெரிந்தது.

கேலிக் பக்கமாவது தேறும் என்று பார்த்தால், மாப்பிள்ளையின் பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "இது அயர்லாந்துக்காரர்கள் போடும் கோடு." உயிரெழுத்தின் மேல் போடும் கோடு ஸ்காட்லாந்து கேலிக்கில் இடமிருந்து வலமாக இறங்கும், ஐரிஷில் ஏறும். எங்கள் நாடாவில் ஏறியிருந்தது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். நாடா மடங்கவே இல்லை! தையலுக்கு அடியில் வைக்கும் விறைப்புத் தாளைப் பிய்க்காமலே அனுப்பியிருந்தார்கள். முடிச்சுப் போட்டால் அட்டை மாதிரி நிமிர்ந்துகொண்டது.

"பெயர் போட்டுச் செய்த பொருள், பணம் திரும்பக் கிடையாது" என்று கடையிலிருந்து பதில். இதை நம்பிவிடாதீர்கள். பிரிட்டனில், மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமைதான் இப்படிப்பட்ட பொருளுக்குக் கிடையாது. சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்க 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. இதை எழுதி அனுப்பியும் அவர்கள் அசையவில்லை. கிரெடிட் கார்டு கம்பெனியையே பொறுப்பாக்கும் சட்டம் 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள பொருளுக்குத்தான். அதனால் வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்டு, தையலின் போட்டோக்களை அனுப்பினேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது.

நீங்கள் ஆர்டர் செய்வதாக இருந்தால், துணியில் தைத்த மாதிரியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. தமிழை டைப் செய்து அனுப்பாமல் படமாக அனுப்புங்கள்.

கல்யாணத்தன்று கடைத்தெருவில் வாங்கிய சாதாரண டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட) ரிப்பனைத்தான் கட்டினார்கள். ஒரே இழுப்பில் முடிச்சு விழுந்தது.