பழைய காருக்கு எந்த பிரேக் ஆயில்: டாட் 4-ஆ, டாட் 5-ஆ?

கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டு ஷெட்டில் நிற்கும் அம்பாசடர், பத்மினி எல்லாம் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும்தான் வெளியே வரும். அவற்றுக்கு எது சரி?

விலை: டாட் 4 மலிவு, காரைக்குடியிலேயே கிடைக்கும். டாட் 5 கூடுதல், தேடி வாங்கணும்.

ஈரம்: டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். நின்றே கிடந்தால், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும். டாட் 5 சிலிக்கோன் எண்ணெய், ஈரம் இழுக்காது.

பெயிண்ட்: டாட் 4 பட்டால் உரியும். டாட் 5 உரிக்காது.

பெடல்: டாட் 4 கெட்டி. டாட் 5-இல் காற்றுக் குமிழ் லேசில் போகாது, பெடல் மெத்தென்று இருக்கும்.

தீ: டாட் 4 கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் பற்றிக்கொள்ளும். எந்த ஆயிலானாலும் வண்டி எடுக்குமுன் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் உருளை) அடியில் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் தயவுசெய்து நகர்த்தாதீர்கள்.

அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு டாட் 4. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஷெட்டிலேயே நிற்கும் வண்டிக்கு டாட் 5. பழையதை முழுக்க வடித்து, ரப்பர் சீல்களைப் புதிதாகப் போட்ட பிறகுதான். இரண்டையும் கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பதும் டாட் 4 இனம்தான், டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்.