காக்க வைத்த ஸ்டிங், அவசரப்பட்ட கோல்ட்பெர்க்

பெரிய மோதலைக் காசு கட்டிப் பார்க்கும் பே-பர்-வியூவுக்கு வைத்துக்கொள்வதா, டிவியில் சும்மா காட்டிவிடுவதா? அமெரிக்க மல்யுத்தக் காட்சி நிறுவனமான டபிள்யூசிடபிள்யூ இரண்டையும் செய்தது. இரண்டு முறையும் எதிரே நின்றவர் ஹல்க் ஹோகன்தான்.

மல்யுத்த வீரர் ஸ்டிங்கை ஓராண்டுக்கு மேல் டிவியில் மோதவே விடவில்லை. முகத்தில் வெள்ளைச் சாயம், கையில் பேஸ்பால் மட்டை. அரங்கின் கூரையடியில் நின்று வெறித்துப் பார்ப்பார், வாயே திறக்கமாட்டார். 1997 டிசம்பரில் ஸ்டார்கேட் என்ற பே-பர்-வியூவில் ஒருவழியாக ஹோகனோடு மோதவிட்டார்கள். அந்த நிறுவனத்தில் அதிகம் விற்ற பே-பர்-வியூ அதுதான். முடிவைச் சொதப்பினார்கள் என்பது இன்றும் ஆறாத வருத்தம். ஆனாலும் வசூல் கைக்கு வந்துவிட்டது.

தோல்வியே காணாத கோல்ட்பெர்க்கையோ, சில நாள் முன்பு அறிவித்து, 1998 ஜூலை 6 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் டிவியிலேயே ஹோகனை வீழ்த்திப் பட்டம் வெல்ல வைத்தார்கள். அரங்கமே அதிர்ந்தது, அன்றைய டிவி ரேட்டிங்கில் போட்டி நிறுவனத்தின் 'ரா' நிகழ்ச்சியை முந்தினார்கள். சரி, அப்புறம்? ஆறே நாளில் பே-பர்-வியூ இருந்தது. அங்கே ஹோகன் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மனோடு ஜோடி சேர்ந்து வேறொரு சண்டை போட்டார். வீட்டுக்கு வீடு விற்றிருக்க வேண்டிய மோதல் ஒரு திங்கட்கிழமை ரேட்டிங்குக்காகப் போய்விட்டது.

நான் ஸ்டிங் வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.