ஓசா ஏகே மாடல் கிட்: ரேடாருக்காக வாங்கலாம்

ராணுவ வான் பாதுகாப்புப் படையில் விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் ஏவுகணை வண்டியான அசல் ஓசாவோடு மாரடித்துவிட்டு, இப்போது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓய்வாக இருக்கிறேன். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் செய்தியில் ஓசா ஏகே பெயர் அடிபட்டதும், பேரனுக்குக் காட்டலாமே என்று அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள (1/35) இந்த பிளாஸ்டிக் கிட்டை ஆன்லைனில் வரவழைத்தேன். கூரியரோடு ஐயாயிரத்தைத் தாண்டியது. பெட்டி ஒரு மூலையில் நசுங்கி வந்தது, உள்ளே சேதமில்லை.

ரேடார் அச்சு அசல். மேலே சுழலும் தேடல் ஆன்டெனா, கீழே நடுவில் இலக்கைப் பின்தொடரும் பெரிய தட்டு, அதன் இரு பக்கமும் ஏவுகணைக்குக் கட்டளை அனுப்பும் சின்னத் தட்டுகள். இந்தச் சின்னது இரண்டும் இருப்பதால்தான் ஒரே இலக்கின்மேல் இரண்டு ஏவுகணைகளைச் செலுத்த முடியும். மேல் ஆன்டெனா அசலில் போலவே பின்பக்கம் மடங்குகிறது. கீலில் பசை படாமல் ஒட்டுங்கள்.

இதை ஏன் இவ்வளவு பார்க்கிறேன் என்றால், ஓசாவின் பெருமையே அதுதான். பெச்சோரா என்ற இன்னொரு சோவியத் விமான எதிர்ப்பு ஏவுகணை அமைப்பில் ரேடார் ஓரிடம், லாஞ்சர் ஓரிடம், நடுவில் கேபிள். 1971-ல் சோவியத் படைக்கு வந்த ஓசாவில் தேடுவது, தொடர்வது, சுடுவது எல்லாம் ஒரே வண்டி. ரேடார் சொதப்பினால் மீதி வெறும் லாரி பொம்மை.

பேரனுக்கு ஏமாற்றம். "மிசைல் எங்க தாத்தா?" ஏகே ரகத்தில் ஆறு ஏவுகணையும் மூடிய பெட்டிக்குள் இருக்கும், வெளியே தெரியாது. பத்து கிலோமீட்டர் தூரம் போகும் என்றேன். இங்கே மண்டபத்தில் நிறுத்தினால் பாம்பன் பாலம் வட்டத்துக்குள் வரும், ராமேஸ்வரம் கோயில் வராது. அப்படிச் சொன்னதும் புரிந்துகொண்டான். ராமேஸ்வரத்துக்காரரான கலாம் தலைமை தாங்கிய ஏவுகணைத் திட்டத்தில் திரிசூல் இதே வேலைக்காக உருவானது, 2008-ல் கைவிட்டார்கள். கிழ ஓசா இன்னும் ஓடுகிறது.

சக்கரம்தான் கோளாறு. பதினேழு டன் வண்டி நின்றால் டயர் அடியில் கொஞ்சம் அமுங்க வேண்டாமா? ஆறும் உருண்டையாக நிற்கின்றன. உப்புத்தாளால் அடிப்பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கினேன். பின்பக்க நீர்த்தாரைத் துளைகளையும் ஒப்புக்குக் கீறிவிட்டிருக்கிறார்கள். வண்டி தண்ணீரிலும் போகும் என்றதும், கடலுக்குப் போகிற பக்கத்து வீட்டுத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்து, "அண்ணே, புரொப்பல்லர் எங்க?" என்றான். அசலிலும் கிடையாதப்பா, தண்ணீரைப் பீய்ச்சித்தான் தள்ளும்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒன்று: கச்சான் காற்று அடிக்கும் நாளில் வெளியே ஸ்ப்ரே பெயின்ட் எடுக்காதீர்கள், மணல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். மழை ஈரத்தில் வார்னிஷ் வெளுத்துப் போகும். அப்புறம், பெட்டியில் சோவியத் ஸ்டிக்கர் மட்டும்தான். நம் ராணுவ எண் வேண்டுமென்றால் மெல்லிய பிரஷ்ஷால் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.