தங்கச்சி கொண்டுவந்த இத்தாலி பிஸ்கட்டுகள்: எதைக் கண்ணை மூடி வாங்கலாம், எதைக் கேட்டு வாங்கணும்

என் தங்கச்சி பதினோரு வருஷமாக இத்தாலியில், சிசிலித் தீவின் கத்தானியாவில் வேலை பார்க்கிறாள். ஒரு வயதான அம்மாளைக் கூடவே இருந்து கவனித்துக்கொள்கிற வேலை. நம் மொரிஷியஸ்காரர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. இந்தத் தடவை தைப்பூசக் காவடிக்கு லீவில் வந்தவளின் பெட்டியில் பாதி பிஸ்கட்டு. நாலு வகை. எங்கள் வீடு க்யூர்ப்பிப்பில். மழையும் மூட்டமுமாக இருக்கிற ஊர். சுவரில் மாட்டிய காலண்டர்கூட நமத்துத் தொங்கும். இங்கே மூன்று வாரம் வைத்துத் தின்று பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொடியேறி இரண்டாம் நாள். வீட்டில் எல்லாரும் விரதம். அம்மா ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே அரைநிலா வடிவத்தில், மேலே வெள்ளையாகப் பொடிச்சர்க்கரை தூவி, அச்சு அசல் நம் தீபாவளி காத்தோ பத்தாத் (சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் தேங்காய் வைத்துப் பொரிப்பது) மாதிரியே இருந்தது. "முருகனுக்கு வச்சிட்டு எடுக்கலாம்" என்று தட்டில் ஆறு எடுத்து வைத்துவிட்டார். எனக்கு எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'கார்னே போவினா' என்று இருந்தது. மாட்டிறைச்சி.

தங்கச்சிக்கு முகமே வெளுத்துவிட்டது. "கடையில கேட்டேன்க்கா, சாக்லேட்டும் பாதாமும்தான்னு சொன்னாங்க" என்று அழுதாள். விமானம் ஏறுகிற அவசரத்தில் வாங்கியது, அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பெண் வாய்விட்டுக் கேட்கும்போது முழுசாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பலகாரத்தின் மேல் குற்றமில்லை. அதன் பெயர் ம்பனத்திக்கி, ஊர் சிசிலியிலேயே இருக்கிற மோதிக்கா. சிசிலி ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்த காலத்தில் அவர்களுடைய எம்பனாதா என்கிற, உள்ளே பூரணம் வைத்த பலகாரத்திலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். கொத்திய மாட்டிறைச்சியைச் சாக்லேட், பாதாம், சர்க்கரை, பட்டை, கிராம்போடு கலந்து உள்ளே வைத்துச் சுடுவது அங்கே பழைய வழக்கம். பக்கத்து வீட்டுக் கிரியோல் குடும்பத்துக்கு விஷயத்தைச் சொல்லிப் பெட்டியோடு கொடுத்தோம். இறைச்சி வாடையே தெரியவில்லை, பட்டை வாசத்தோடு சாக்லேட்தான் முன்னால் நிற்கிறது என்று ரசித்துச் சாப்பிட்டார்கள். தின்கிற வழக்கம் உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

நம் மாதிரி வீடுகளுக்கு நாலு சொல் போதும், மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். கார்னே என்றால் இறைச்சி. ஸ்த்ரூத்தோ என்றால் பன்றிக் கொழுப்பு. உவோவா முட்டை. புர்ரோ வெண்ணெய். இதில் ஸ்த்ரூத்தோதான் ஏமாற்றும். சிசிலியின் பழைய பிஸ்கட்டுகள் பலவற்றில் வெண்ணெய்க்குப் பதில் அதுதான் போடுவார்கள், பார்த்தாலோ மோந்தாலோ தெரியாது.

இனி நல்லதுக்கு வருகிறேன். ரெஜினெல்லே. கட்டைவிரல் நீளம், உடம்பு முழுக்க எள். மாவு கண்ணில் படவே படாது, அவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருக்கும். கடித்தால் எள் முதலில் பல்லில் படபடவென்று உடையும். உள்ளே இருக்கிற மாவு பொலபொலவென்று உதிரும். இனிப்பு அடக்கமாகத்தான் இருக்கிறது. எலுமிச்சைத் தோல் வாசம் கடைசியில் மெல்ல வருகிறது. அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, தட்டில் விழுந்த எள்ளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். எள்ளுருண்டை தின்கிற கை அப்படித்தான் போகும். சிசிலிப் பேச்சில் எள்ளுக்கு ஜுஜ்ஜுலேனா என்று பெயராம். நம் கிரியோலில் ஸிங்லி. இரண்டும் ஜுல்ஜுலான் என்கிற ஒரே அரபுச் சொல்லின் வழி வந்தவை. இதைத் தங்கச்சி தெருமுனை பேக்கரியில், வெண்ணெய்தான், முட்டை கிடையாது என்று கேட்டு உறுதி பண்ணி வாங்கினாள். இதிலும் ஸ்த்ரூத்தோ போடுகிற கடைகள் உண்டு, அதனால் கட்டாயம் கேளுங்கள். விரதத்திலேயே நாங்கள் தின்றது இது ஒன்றுதான். திறந்த எட்டாம் நாள் கொஞ்சம் நமத்தது. அடுப்பில் ஐந்து நிமிஷம் சூடுகாட்டியதும் பழையபடி ஆகிவிட்டது.

காவடி முடிந்த பிறகு கந்தூச்சியைப் பிரித்தோம். இது சிசிலிச் சரக்கு இல்லை. தஸ்கனியில் பிராத்தோ என்கிற ஊரிலிருந்து தங்கச்சியின் தோழி வாங்கி அனுப்பியது. அந்தோனியோ மத்தேயி 1858-ல் ஆரம்பித்த கடை, நீலக் காகிதப் பையில் கட்டித் தருகிறார்கள். கந்தூச்சி என்பது மாவை நீளக் கட்டையாகச் சுட்டு, சாய்வாகத் துண்டு போட்டு, மறுபடி சூட்டில் உலர்த்துவது. பிஸ்கட்டு என்ற சொல்லுக்கே இருமுறை சுட்டது என்றுதான் பொருள். இந்தக் கடைச் சரக்கில் வெண்ணெயோ எண்ணெயோ இல்லை. மாவு, சர்க்கரை, முட்டை, தோலோடு முழுப் பாதாம், கொஞ்சம் பைன் விதை. வெண்ணெயும் எண்ணெயும் சேர்க்காததால் சீக்கிரம் காறாது, ஈரமும் குறைவு என்பதால் சீக்கிரம் கெடாது. மூன்றாவது வாரமும் கல் மாதிரி இருந்தது. அங்கே வின் சாந்தோ என்கிற இனிப்பு ஒயினில் நனைப்பார்கள். நாங்கள் நம் ஊர் புவா ஷேரி தோட்டத்து வனிலா தேயிலை போட்டு, பாலில்லாமல், அதில் நனைத்தோம். பத்து எண்ணுகிற வரைக்கும் விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் பாதாம் கழன்று கோப்பையின் அடியில் போய்விடும். பல் சரியில்லாத அம்மாவும் நாலு தின்றார். தூரதேசம் கொண்டுபோக இதைவிட நல்ல பிஸ்கட்டு நான் பார்க்கவில்லை.

நாலாவது, பாஸ்தா தி மாந்தொர்லா. பாதாம் மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. மிருதுவாக, நம் பாதாம் கேக் மாதிரி. சுட்ட அன்றைக்கு அங்கேயே தின்றால் அருமையாம். பெட்டியில் வந்தது ஒன்றோடொன்று ஒட்டி, காகிதத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. வாங்காதீர்கள்.

ஒரு விஷயம் கேட்க மறக்கவில்லை. நடுவில் ஜாம், மேலே ரோஸ் ஐசிங் போட்ட நம் ஊர் நாப்போலித்தேன் பிஸ்கட்டு, பெயரைப் பார்த்தால் நேப்பிள்ஸ் ஊர்ப் பலகாரம் ஆயிற்றே, அங்கே கிடைக்குமா என்று தங்கச்சியைக் கேட்டேன். அவள் நேப்பிள்ஸ் போயும் தேடியிருக்கிறாள், கண்ணில் படவில்லையாம்.

திரும்பிப் போகும்போது வெறுங்கையோடு அனுப்புவதா? விமான நிலையத்துக்குப் போகிற வழியில் மாயேபூரில் இறங்கினோம். ரோல் குடும்பத்தின் மரவள்ளி பிஸ்கட்டுக் கடை, 1870-லிருந்து நடக்கிறது. கிழங்கைத் துருவி, பிழிந்து, சலித்த மாவைச் சதுர அச்சில் போட்டு, காய்ந்த கரும்புச் சோகையை எரித்துச் சூடாக்கிய தகட்டில் பெண்கள் உட்கார்ந்து திருப்பிப் போடுகிறார்கள். கோதுமையே கிடையாது. தேங்காய் வகை ஆறு பாக்கெட்டு, பட்டை வகை இரண்டு வாங்கினோம். தங்கச்சி பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குக் காலையில் சூடான பாலில் நனைத்த தேங்காய் பிஸ்கட்டுதான் வேண்டுமாம். போன தடவை நாலு பாக்கெட்டு பத்தவில்லை என்று அந்த அம்மாளே போனில் சொல்லிவிட்டார்.