எட்டு ஆண்டுகளாக ஒரு லகர்: காத்திருக்கத் தெரிந்த படகு

2017 வசந்தத்தில் டிராஸ்கோம் லகர் என்ற வகையில் ஒரு பழைய சிறு பாய்மரப் படகு வாங்கினேன். வீடு இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில். டிரெய்லரைக் காரில் மாட்டினால் அரை மணி நேரத்தில் டெபன் ஆறு. எட்டுப் பருவங்கள் ஓட்டியாயிற்று. பெரும்பாலும் ஐந்தாறு சிறு படகுகள் சேர்ந்து போகும் குழுப் பயணங்கள்தான். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன். தனியாக, வேகமாகப் போக விரும்புகிறவருக்கு வேறு படகுகள் இருக்கின்றன.

முதலில் படகு. பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த ஜான் வாட்கின்சன் 1960-களில் வடிவமைத்தது. நீளம் 5.72 மீட்டர். மேல்தளம் கிடையாது, முழுக்கத் திறந்த படகு. சென்டர் பிளேட்டை, அதாவது அடியில் இறங்கும் தகட்டை, தூக்கிவிட்டால் 25 சென்டிமீட்டர் தண்ணீரே போதும். முன்னால் ஜிப், நடுவில் பெரிய பாய், பின்னால் மிசன் என்ற குட்டிப் பாய். பெரிய பாயின் அடியில் பூம் என்ற கிடைக்கட்டை கிடையாது என்பதால் புதிதாக வருகிறவர்களின் தலைக்கு ஆபத்து இல்லை. பாய்மரங்கள் எல்லாம் படகின் நீளத்துக்குள் அடங்கிவிடும். 1978-இல் சான் டியேகோவிலிருந்து புறப்பட்ட வெப் சைல்ஸ், இதே மாதிரித் திறந்த லகரில் பசிபிக்கைக் கடந்தார். நாங்கள் போவது ஆறுகளுக்கு. ஆனால் காற்று ஏறும்போது அந்த நினைவு தெம்பு தருகிறது.

குழுப் பயணத்துக்கு இந்தப் படகில் நான் மிகவும் மதிப்பது மிசனைத்தான். பெரிய பாயை இறக்கி, ஜிப்பைச் சுருட்டி, மிசனை மட்டும் இறுக்கிக் கட்டினால் படகு தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடும். கைவிட்டு உட்காரலாம், தேநீர் ஊற்றலாம், வரைபடம் பார்க்கலாம். குழுவில் எப்போதும் யாராவது பின்தங்குவார்கள். வேகமான படகுக்காரர்களுக்கு நிற்பது பெரும் பாடு, பாய்கள் படபடக்க வட்டமடித்துக்கொண்டே இருப்பார்கள். லகர் சும்மா நிற்கும்.

மூன்றாம் ஆண்டு, ஐந்து படகுகளாக டெபனின் வாயிலுள்ள ஃபெலிக்ஸ்டோ ஃபெரியிலிருந்து ஆற்றின் மேலேயுள்ள உட்ப்ரிட்ஜுக்குப் போனோம். எங்களில் மிகச் சிறிய படகு ஒரு யாழ்ப்பாணத் தம்பதியுடையது. காற்று விழுந்ததும் அவர்கள் முக்கால் மைல் பின்னால் போய்விட்டார்கள். ரேடியோவில் அந்தத் தங்கையின் குரல்: "அண்ணை, எங்களுக்காக நிக்காதேங்கோ. நீங்கள் போங்கோ, நாங்கள் பின்னாலை வாறம்." நான் வழியிலுள்ள ராம்ஷோல்ட் தாண்டி மிசனை இறுக்கி நின்றேன். அவர்கள் வந்து சேர நாற்பது நிமிடம். அன்றிலிருந்து திட்டம் போடும்போது மெதுவான படகின் வேகத்தையே எல்லோருக்குமான வேகமாக வைக்கிறோம். மணிக்கு 3 கடல் மைல், அதற்கு மேல் கணக்கிடுவதில்லை. முன்னால் போகும் படகை அனுபவம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், வேகம் பார்த்து அல்ல. கடைசிப் படகில் கட்டாயம் ஒரு வி.எச்.எஃப். ரேடியோ இருக்கும்.

இனி ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றவற்றம். இங்கே எல்லாத் திட்டமும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. பக்கத்து ஹார்விச் கரையில் அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தி வரும் பெரிய ஓதம் நண்பகலை ஒட்டி உச்சம் தொடும். அஷ்டமியை ஒட்டிய சின்ன ஓதமோ காலையிலும் மாலையிலும் உச்சம் தொட்டு, நடுப்பகலில் வற்றிக் கிடக்கும். அதனால் சமையலறையில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தே நல்ல சனி, ஞாயிறுகளை ஜனவரியிலேயே குறித்துவிடுகிறேன். துல்லியமான நேரத்துக்கு ஓத அட்டவணை. பௌர்ணமி வாரமென்றால், காலை பத்து மணிக்கு ஃபெரியிலிருந்து ஏறும் வெள்ளத்தோடு புறப்படலாம். உட்ப்ரிட்ஜில் ஓதம், ஆற்றின் வாயைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிந்தி உச்சம் தொடும். 1793-இல் கட்டிய, ஓத நீரால் ஓடும் ஆலையின் கீழே படகைக் கட்டிச் சாப்பிட்டுவிட்டு, வற்றும் நீரோடு திரும்பலாம். எதிர்க்கரை மேட்டில்தான் 1939-இல் சட்டன் ஹூவின் புதைகப்பலை, அதாவது பழங்காலத்தில் இறந்தவருக்காகப் புதைத்த கப்பலை, தோண்டினார்கள். மரம் மக்கிப்போய், 27 மீட்டர் நீளத்துக்கு மணலில் அதன் தடம் மட்டும் இருந்தது. ஆற்றிலிருந்து அந்த மேட்டைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது.

சாப்பாட்டில் நேரத்தைக் கோட்டைவிட்ட ஒரு நாளும் உண்டு. மூன்று மணிக்குத்தான் கிளம்பினோம். வால்ட்ரிங்ஃபீல்டுக்குக் கீழே ஒரு வளைவில் குறுக்கு வழி பார்த்தேன். நான்கு மணிக்குச் சேற்றில் ஏறிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. ஓதம் உச்சத்திலிருந்து மூன்று மணி நேரம் இறங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் நீர் மிக வேகமாக இறங்கும். ஆறு மணி நேர வற்றில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் போய்விடும். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, இரவு பத்தரைக்கு மிதக்கும் வரை இருந்தோம். லகர் சேற்றில் நேராக உட்கார்ந்துகொண்டது. சின்ன அடுப்பில் ரவை உப்புமா கிளறினோம். சாய்ந்து விழும் படகாக இருந்தால் அந்த ஆறரை மணி நேரம் வேறு கதையாகியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காற்றை எதிர்த்து ஏறுவதில் லகர் பலவீனம். குறுகலான ஆற்றில் எதிர்க்காற்றென்றால் மோட்டாரைப் போட்டுவிடுங்கள். நான் 4 குதிரைத்திறன் வைத்திருக்கிறேன், ஆற்றுக்குப் போதும். சுக்கான் படகின் அடியிலுள்ள துளை வழியாக இறங்குகிறது. ஆழமில்லாத இடத்தில் முன்கூட்டியே தூக்கிவிட வேண்டும். தூக்கியபின் திருப்புவதற்குக் கையில் துடுப்பு இருக்க வேண்டும். பிளேட் கூட்டுக்குள் சரளைக்கல் சிக்கினால் பிளேட் இறங்காது. உள்ளே வந்த தண்ணீர் தானாக வடியாது, வாளியும் பம்பும் எப்போதும் தேவை.

டிரெய்லரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் எட்டு ஆண்டுகளில் அதிகச் செலவும் கவலையும் அதில்தான். இரண்டாம் ஆண்டு ஏ14 சாலையில் சக்கர பேரிங் இறுகி, வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. காரணம் பிறகுதான் புரிந்தது. நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப்பை, அதாவது பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதியை, உடனே தண்ணீரில் இறக்கினால், உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்கிறது. இப்போது வந்து சேர்ந்ததும் ஒரு மணி நேரம் ஆற விடுகிறோம். அந்த நேரத்தில் மரம் ஏற்றுவது, பாய் கட்டுவது, அன்றைய திட்டத்தை எல்லோருக்கும் சொல்வது. குழுவில் யாரிடமாவது ஒரு முழு மாற்று பேரிங் செட் இருக்க வேண்டும். இன்னொன்று: 2021 டிசம்பர் 16 முதல் சாதாரணக் கார் உரிமத்திலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம். அதனால் சேர்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். படகை நீரில் இறக்கும் சரிவான ஸ்லிப்வேயில் நெரிசலும் கூடியிருக்கிறது. ஆறு டிரெய்லர்கள் ஒரே நேரத்தில் வந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு வழியே இருக்காது. அரை மணி இடைவெளியில் இரண்டிரண்டாக வரச் சொல்கிறோம்.

முதன்முறை குழுவாகப் போகிறவர்கள் நார்ஃபோக் ப்ராட்ஸ் என்ற ஆறு, ஏரிகளின் வலையில் தொடங்குங்கள் என்பேன். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீர்வழி, படகை ஏற்றி இறக்கும் மதகு (லாக்) ஒன்றுகூட இல்லை. மேல் பகுதிகளில் ஓதம் மெல்லியது. பாட்டர் ஹைகமின் பழைய பாலம் மிகத் தாழ்வு, மரத்தை இறக்கித்தான் நுழைய வேண்டும். லகருக்கு அது பத்து நிமிட வேலை. வெளிப்படகுகளுக்கான தற்காலிக டோல் (கட்டணம்) கட்ட மட்டும் மறக்க வேண்டாம்.

காற்று பற்றி எங்கள் விதி சுருக்கம்: முன்னறிவிப்பில் காற்றின் வலு போஃபோர்ட் அளவில் 5 (மணிக்கு 17 முதல் 21 கடல் மைல்) வந்தால் பயணம் ரத்து, முதல் நாள் இரவு எட்டு மணிக்கே செய்தி. நூறு மைல் இழுத்து வந்தவரிடம் கரையில் வைத்து "வேண்டாம்" என்பது கடினம். வந்துவிட்டோமே என்று இறங்கிவிடுவார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் பிளேட் கயிற்றையும் இரண்டு ஹப்களையும் மாற்றினேன். ஜூன் பௌர்ணமிக்கு அடுத்த சனிக்கிழமை ஆறு படகுகள், எட்டரை மணிக்கு ஃபெரி ஸ்லிப்வேயில் முதல் இரண்டு. யாழ்ப்பாணத் தம்பதி இந்த முறை முன்னால் போகிறார்கள். நான் கடைசியில் வருகிறேன்.