நாயோடு லிஃப்ட், நாயோடு தாலுகா ஆபீஸ்: கோவில்பட்டிப் பக்கத்துப் பயணக் குறிப்புகள்

வெளிநாட்டில் வளர்க்கிற நாயை லீவுக்கு ஊருக்குக் கூட்டி வரலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: வேண்டாம். பயணச் சாமானோடு சாமானாக நாயைக் கொண்டுவரும் சலுகை, இரண்டு வருடமாவது வெளியே இருந்துவிட்டு இங்கே குடியேற வருகிறவர்களுக்குத்தான். ஆறு வாரம் தங்கப்போகிறவர் இறக்குமதி லைசென்ஸ் வாங்க வேண்டும். திரும்பிப் போகும்போது அடுத்த வம்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போக, வெறிநோய் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) இருப்பதாக ரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும். கிளம்புவதற்கு முன்பே அங்கே எடுத்து நாயின் பாஸ்போர்ட்டில் ஏற்றியிருந்தால் சரி. இல்லையென்றால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே இங்கே பேச்சு ஊர் வீட்டு நாயைப் பற்றி. பெற்றவர்களுக்கு வயதாகிவிட்டால் அதை ஊசிக்குக் கொண்டுபோவதும், அக்கா வீட்டில் விட்டு வருவதும், சென்னைக்கு ஏற்றுவதும் லீவில் வந்தவர் தலையில் விழும். கோவில்பட்டி, சங்கரன்கோவில், ராஜபாளையம் வட்டாரத்தில் அது பெரும்பாலும் சிப்பிப்பாறை, கன்னி என்ற வேட்டை நாய் ஜாதிகளில் ஒன்றாகவோ அவற்றின் கலப்பாகவோ இருக்கும். இந்த ஜாதி நாய்கள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தொலைவது அபூர்வம். ஏற்றும்போது, இறக்கும்போது, ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கும்போது நழுவி ஓடியவைதான் அதிகம். பயணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் போடாமல், எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுவது உத்தமம்.

நழுவுவதற்குக் காரணம் கழுத்து. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுங்கி, கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே சுற்றளவில் இருக்கும். சாதாரணக் கழுத்துப்பட்டையைப் பின்பக்கமாக இழுத்தால் காது மடங்கி உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் மட்டும் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, கூடவே நெஞ்சுக்கு, முன்னங்காலுக்குப் பின், விலா முடிகிற இடம் என்று மூன்று வார் உள்ள ஹார்னஸ், இரண்டும் வேண்டும். ஒரே கயிற்றின் இரு முனையிலும் கொக்கி வைத்து ஒன்றைப் பட்டையிலும் மற்றொன்றை ஹார்னஸிலும் மாட்டினால், ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். இழுத்தால் நீண்டு சுருங்கும் சக்கரக் கயிறு ரோட்டோரத்துக்கு ஆகாது.

மூன்று வார் ஹார்னஸ் இங்கே சின்ன ஊர்க் கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள். பெட்டியில் இடம் எடுக்காது. வரும்போதே வாங்கி வாருங்கள். வாய்ப்பூட்டும் அப்படித்தான். கடையில் தொங்குவது வாயைச் சுற்றி இறுக்கும் நைலான் உறை. அதைப் போட்டால் நாய் வாய் திறந்து இரைக்க முடியாது, இரைக்காவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. மே மாதத்தில் அரை மணி நேரம் போட்டு வைத்தாலே ஆபத்து. கூடை வடிவ வாய்ப்பூட்டுதான் சரி. அதைப் போட்டபடியே நாக்கை நீட்டி இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். உண்ணி மாத்திரையை அங்கிருந்து சுமந்து வர வேண்டாம், எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. அளவு எடைக்குத் தக்கபடி என்பதால் நாயின் எடை தெரிந்திருக்க வேண்டும். அரிசி மண்டித் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறிக் கழித்துக்கொள்ளலாம்.

லிஃப்ட் விஷயத்துக்கு வருவோம். பஸ் கண்டக்டர் கையை விரித்தபின் கிராமத்து ரோட்டில் மிச்சம் இருப்பது லோடு ஆட்டோ, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி, லாரி. பைக்காரர் நல்ல மனசோடு நிறுத்தினாலும் நாயோடு ஏறாதீர்கள். நெஞ்சோடு கட்டிய பையில் அடங்குகிற குட்டி என்றால் வேறு விஷயம். நிற்கிற இடம் வண்டி எப்படியும் மெதுவாகும் இடமாக இருக்கட்டும்: வேகத்தடை தாண்டி, டீக்கடை முன்னால், பெட்ரோல் பங்க்கை விட்டு வெளியே வரும் வழியில். நாலுவழிச் சாலை வளைவில் ஒருபோதும் வேண்டாம். ரோட்டுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் நிற்க வேண்டும். கதவைத் திறக்கும் முன்பே, “அண்ணே, நாய் இருக்கு, வாய்ப்பூட்டு போட்டிருக்கேன், ஏத்திக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். வண்டி நின்றபின் நாயைக் காட்டினால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. பின்னால் கோழியோ ஆடோ ஏற்றியிருந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். வேட்டை நாயை அதன் பக்கத்தில் உட்கார வைப்பது இரண்டு தரப்புக்கும் கொடுமை.

குட்டியானையில் முன் சீட்டில் இடம் கிடைத்தால் காலடியில் உட்கார வைக்கலாம். பின்னால்தான் என்றால் நீங்களும் பின்னால் ஏறுங்கள். வெயிலில் நின்ற தகரத் தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும். சாக்கை நனைத்து விரித்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். எல்லோரும் செய்கிற தப்பு கட்டுவதில்தான். கழுத்தில் நீளக் கயிறு கட்டிப் பக்கக் கம்பியில் முடிந்துவிடுகிறார்கள். நாய் வெளியே தாவினால் தூக்கு மாட்டினதுபோல் தொங்கும். கயிறு ஹார்னஸில் இருக்க வேண்டும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நாய் படுக்கலாம், உட்காரலாம், ஆனால் நெஞ்சு பக்கப் பலகைக்கு மேலே வரக் கூடாது, அவ்வளவுதான் நீளம். லாரி கேபினில் இன்னொரு சூடு: பழைய வண்டிகளில் இன்ஜின் மூடி டிரைவருக்குப் பக்கத்திலேயே இருந்து கொதிக்கும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்தான், ஆனால் லிஃப்ட் கொடுக்கிற வண்டி அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும். இறங்கும்போது நெஞ்சுக்கும் தொடைக்கும் கீழே கை கொடுத்துத் தூக்கி இறக்குங்கள். நாலடி உயரத்திலிருந்து குதித்தால் முன்னங்கால் தோள்பட்டையில் அடிபடும்.

ஆட்டோ எளிது, ஒரு சூட்சுமம்தான். ஏறி இறங்குவது இடப்பக்கம், வலப்பக்கம் பெரும்பாலும் கம்பி அடைத்திருக்கும். நாய் கம்பிப் பக்கத் தரையில், நீங்கள் வாசல் பக்கம். நீங்கள் இறங்கி, கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தபின் நாய் இறங்கட்டும். காசைக் கடைசி நிமிடத்தில் தேடாமல் ஏறும்போதே சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை எண்ணும் நேரத்தில்தான் பிடி தளரும். ஆப்பில் கார் பிடித்தால் டிரைவரைப் போனில் கூப்பிட்டு நாய் இருப்பதைச் சொல்லுங்கள். வந்தபின் ரத்து செய்தால் வெயிலில் நிற்பது நாய்தான்.

வேலை முடிக்கப் போகும்போது நாய் கூட வருகிறது என்றால் ஆள் இரண்டு பேர் வேண்டும். தாலுகா ஆபீஸ், பேங்க், இ-சேவை மையம் எதிலும் டோக்கன் வாங்கினபின் எப்போது கூப்பிடுவார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாயைக் கேட்டில் கட்டிவிட்டு உள்ளே போவது, கட்டிப்போட்டு அடி வாங்க வைப்பதற்குச் சமம். அந்தத் தெரு நாய்கள் வந்து சூழும். கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. பைக் ஸ்டாண்டில் கட்டினால் பைக்கையும் சாய்த்துக்கொண்டு ஓடும். தெரு நாய்கள் வந்தால் ஓடாதீர்கள், பெரிய நாயைத் தூக்கவும் செய்யாதீர்கள். டீக்கடைப் பொறை நாலைந்தைப் பையில் வைத்திருந்து பக்கவாட்டில் தூவி வீசிவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்னால் நகர்ந்து போய்விடலாம்.

மூடிய காரில் ‘ஐந்து நிமிஷம்தானே’ என்று விடுவதும் வேண்டாம். பத்து நிமிடத்தில் உள்ளே சுமார் பத்து டிகிரி ஏறிவிடும். ஜன்னலை இரண்டு விரற்கடை இறக்கி வைப்பதால் ஒன்றும் மாறாது. நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தொட்டால் உயிர் ஆபத்து. இரைப்பு அடங்காமல், எச்சில் கோந்துபோல் வழிந்து, ஈறு அடர் சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். புறங்கையை ஏழு விநாடி தார் ரோட்டில் வைக்க முடியவில்லை என்றால் நாய் நடக்கக் கூடாது. இருபது கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் போதும், வெயில் பயணத்தில் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் கொடுக்காமல் அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாடு கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

ரயில் ஒழுங்காக நடக்கிற சேவை, ஆனால் பொறுமை வேண்டும். ஏசி முதல் வகுப்பில் இரண்டு பெர்த் கூபேயையோ நாலு பெர்த் கேபினையோ முழுதாக எடுத்தால்தான் நாய் உடன் வரலாம். கூபேதான் கிடைத்தது என்பது சார்ட் போட்டபின்தான் தெரியும். எழுத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். மற்ற ஏசி வகுப்புகளிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு தகரம், குறுகல். நீள்கால் நாய்க்கு இரவு முழுக்க அதில் என்றால் மனசு ஒப்பாது. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் தடுப்பூசிப் புத்தகம், பயணத்துக்கு ஏற்றது என்ற டாக்டர் சான்று, டிக்கெட் நகல் ஆகிய மூன்றோடும் பார்சல் ஆபீஸ் போய்விடுங்கள். புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும், வெறும் கையெழுத்தை யாரும் மதிப்பதில்லை.

சென்னையில் இறங்கினால் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் கேட்பார்கள். 2025 இறுதியில் கெடு வைத்து, இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருக்கிறார்கள். பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு எல்லா ஊரிலும் இருக்கட்டும். பஸ் நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொல்லி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின், அங்கே நழுவின நாய் அடையாளம் இல்லாமல் நின்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

மருத்துவ வசதி எதிர்பார்த்ததைவிட நன்று. ஊசிக்கு அரசு கால்நடை மருந்தகமே போதும், காலையில் போய்விடுங்கள். எலும்பு முறிவு, ஆபரேஷன் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னையில் வேப்பேரி. நாய் விடுதிகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனை: தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்காமல் நாயை வாங்கிக்கொள்கிற இடத்தில் விடாதீர்கள். உங்களிடம் கேட்காதவர் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்.

கடிபட்டால் சொந்த நாயா தெரு நாயா என்று பார்க்க வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலுக்குள் போடும் வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தும் போட வேண்டும். 28-ஆம் நாள் விமானத்துக்குப் பின்னால் விழுந்தால், போட்ட தேதிகளை எழுதி வாங்கிக்கொண்டு கடைசி ஊசியை அங்கே போட்டுக்கொள்ளலாம்.

வீடு திரும்பினதும் டார்ச் வெளிச்சத்தில் காது மடலுக்குள், கால்விரல் இடுக்கில், வால் அடியில் உண்ணி தேடுங்கள். விரலால் நசுக்காமல், முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். இந்த அறிகுறிகளை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி, டாக்டர் நம்பரைக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.